அறுபத்தொரு நாள் வராதவள்

கிருபாபாய்க்குப் பெருவிரல் இல்லை என்பது அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த விரலை வைத்துக்கொண்டுதான் முப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தாள், மீன் கழுவினாள், ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பக்கம் புரட்டினாள். இல்லை என்று சொன்னது ஒரு கருப்புப் பெட்டி. அதை நம்பியது எல்லையோர முதியோர் எழுத்தறிவுக் கழகம்.

பாறசாலைக்குத் தெற்கே, கேரளம் முடிகிற எல்லைக்கல்லுக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது முள்ளுவிளை. அங்கே உள்ள பெண்களில் பாதிப்பேர் அண்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலி என்று நினைத்துவிடக் கூடாது. முந்திரித் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் அது. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரச்சுத்தியால் ஒரு தட்டு. பருப்பு ஒரு பக்கம், தோடு ஒரு பக்கம். தோட்டிலிருந்து ஒரு எண்ணெய் வடியும். அது பட்ட இடம் வேகும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவார்கள். சாம்பல் ஒரு மணி நேரம் தாங்கும். வேலை எட்டு மணி நேரம்.

அந்த வருஷம் கிருபாபாயின் கை தாங்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்து பொத்து, சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை சொன்னார்.

"கிருபாபாயே, ஜூன் மாசம் பருப்பு தரம் பிரிக்கிற மேசையில ஒரு இடம் ஒழியும். அங்க எண்ணெயும் இல்ல, தீயும் இல்ல. டின்னுல ஒட்டுற சீட்டுல எடை எழுதணும், அவ்வளவுதான். நாலாங்கிளாஸ் சர்ட்டிபிக்கேட் ஒண்ணு கொண்டு வந்தா ஒனக்குத் தாறேன். கம்பெனிச் சட்டமாக்கும்."

அப்படித்தான் அவள் கழகத்தின் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். சபைக்குச் சொந்தமான பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நாலு மணிக்கு வகுப்பு. வருஷ முடிவில் தேர்வு எழுதித் தேறினால் அந்தச் சர்ட்டிபிக்கேட் கிடைக்கும். ஜீனா டீச்சர் என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். கோபம் வராத பிறவி. மூன்று மாதத்தில் கிருபாபாய்க்குத் தன் பேர் எழுத வந்தது. அதில் 'பா' இரண்டு தடவை வருவதால் ஒரு எழுத்து இலவசம் என்று அவளுக்குச் சந்தோஷம். வந்தவுடன் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். போட்டுவிட்டு, அடுத்த ஆள் முதுகில் தட்டுகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆறாவது மாதத்தில் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சுவரொட்டி, எதைக் கண்டாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் கழகத்தின் கண்ணில் பட்டது.

ஒருநாள் மகேஷ்குமார் வந்தார். கழகத்தின் நேர ஒழுங்கு ஒருங்கிணைப்பாளர். மகாராஜா காலத்திலிருந்தே தாலுகாக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த குடும்பம். மடிப்புக் கலையாத சட்டை. அவர் கையோடு கொண்டுவந்த கருப்புப் பெட்டியை வாசல் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். பெட்டிக்கு முல்லைப்பூ மாலை போட்டார்கள். பிறகு மகேஷ்குமார் பேசினார்.

"கையெழுத்துன்னா என்ன? ஒரு ஆளுக்குப் பதிலா இன்னொரு ஆளு போடலாம். கள்ளக் கையெழுத்து யாரு போடுவா? படிச்சவன்தான் போடுவான். ஆகவே, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கள நம்ப முடியாதுங்கிறது கழகத்தோட அனுபவம். பெருவிரல் பொய் சொல்லாது. இனிமே யாரும் நோட்டுல எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். வந்து பெருவிரல வச்சாப் போதும்."

எல்லாரும் கைதட்டினார்கள். முன் பெஞ்சில் இருந்த விஜயம்மா மட்டும் எழுந்தாள். வீட்டில் ஆடு வளர்க்கிறவள். எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் விடுவாள்.

"சாரே, கைநாட்டு வைக்கக் கூடாதுன்னுதானே எங்களப் படிக்க வரச் சொன்னிய?"

"அது மையில வைக்கிற கைநாட்டு. அது அறியாமை. இது டிஜிட்டல்."

விஜயம்மா உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொருவராகப் போய் விரல் வைத்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கிருபாபாய் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு எரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் நல்ல மலையாளத்தில், மன்னிக்கணும், மறுபடியும் முயற்சி செய்யுங்கள் என்றது. மறுபடியும் முயற்சி செய்தாள். அதுவும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. முப்பது வருஷ எண்ணெய் தோலில் இருந்த கோடுகளையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. கழுவின கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன பத்தும்.

"அக்கா, மூக்க வச்சுப் பாரு, சில நேரம் எடுக்கும்" என்றான் ராபின்சன். எதிர்ப்பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன், அவனும் வகுப்பில் பேர் சேர்த்திருந்தான்.

"சும்மா கெடலே, சவமே" என்றாள் கிருபாபாய். ஆனால் முகம் கறுத்துவிட்டது. தேர்வு எழுத நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை வேண்டும். அந்த வருகை இனிப் பெட்டிக்குள்தான் இருக்கும். பழைய நோட்டு செல்லாது. பெட்டியில் அவள் பேருக்கு நேரே விழுந்தது: வரவில்லை.

ஜீனா டீச்சர் அன்றைக்கே கழகத்துக்குக் கடிதம் எழுதினாள். கிருபாபாய் தினமும் வருகிறார், நான் என் கண்ணால் பார்க்கிறேன் என்று. ஒரு வாரத்தில் பதில் வந்தது. டீச்சருடைய கண், கழகத்தின் அங்கீகாரம் பெற்ற கருவி அல்ல.

பெட்டிக்கு இன்னொரு குணமும் இருந்தது. அது மூன்று ஐம்பத்தைந்துக்குக் கண் திறக்கும், நாலு ஐந்துக்கு மூடிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷத்தில் இருபத்தொரு பேர் விரல் வைத்தாக வேண்டும். வேலை செய்கிற விரல்களைப் பெட்டிக்கு லேசில் அடையாளம் தெரியாது. ஒரு ஆளுக்கு நாலு தடவை வைக்கணும். கடைசியில் நிற்கிற எட்டுப் பேர் எப்போதும் 'தாமதம்'. அதனால் மூன்று மணிக்கே வந்து வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். வர முடியாதவர்கள் ரேஷன் கடையில் பையை வைக்கிற மாதிரி செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினார்கள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூட முற்றத்தில் மத்தியானத்திலிருந்தே செருப்புகள் வகுப்புக்காகக் காத்திருந்தன. மகேஷ்குமார் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். 'நேர ஒழுங்கில் ஆர்வம்' என்ற தலைப்பில் அது கழகத்தின் ஆண்டறிக்கையில் வந்தது.

விரல் வைத்து முடிந்து, வைத்தது விழுந்ததா என்று சரிபார்த்து, விழாதவர்கள் தனித்தாளில் காரணம் எழுதி முடிக்கும்போது மணி ஐந்தேகால் ஆகிவிடும். ஐந்தரைக்கு மணி அடிக்கணும். பாடத்துக்கு நேரமில்லை என்று டீச்சர் சொன்னபோது மகேஷ்குமார் வருத்தப்பட்டார்.

"டீச்சரே, பாடம் நடந்ததா இல்லியான்னு பதிவு பண்ண நம்மகிட்ட கருவி இல்ல. பதிவு பண்ண முடியாத காரியத்துல எதுக்கு நேரத்தைச் செலவாக்கணும்? வருகை நல்லா இருந்தாப் போதும். படிப்பு தானா வரும்."

படிப்பு தானாக வரவில்லை என்று சொல்ல முடியாது. கிருபாபாய்க்கு வந்தது. ஐந்தேகாலிலிருந்து ஐந்தரை வரைக்கும் உள்ள அந்தக் கால்மணி நேரத்தில், பெட்டியில் இல்லாத ஒரே ஆளான அவள், டீச்சரின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அரிசிச்சாக்கில் அச்சடித்திருந்ததையெல்லாம் வாசித்தாள். ராபின்சனோ மூன்று ஐம்பத்தாறுக்கு வந்து, முதல் தடவையிலேயே பச்சை எரிய விரலை வைத்துவிட்டு, நாலு மணிக்கு ஆட்டோவில் ஏறிவிடுவான். கருவி கேட்டது விரலைத்தான், ஆளை அல்ல. ஒருநாளும் பெஞ்சில் உட்காராத அவனுக்கு முழு வருகை.

"ஏன்லே, கொறே நேரம் இருந்து படிச்சுட்டுப் போனா என்ன?" என்று கேட்டாள் கிருபாபாய்.

"நான்தான் உள்ள இருக்கேனே அக்கா. நீதான் இல்ல" என்றான் அவன், பெட்டியைக் காட்டி.

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சுவரொட்டியையும் நின்று வாசிக்கவில்லை.

நாற்பது நாள் தொடர்ந்து வராதவர்களை வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. விசாரணை நேரம் நாலு முதல் ஐந்து. ஏனென்றால் வகுப்புக்குப் போகாதவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள். மகேஷ்குமார் ஒரு புதன்கிழமை நாலேகாலுக்குக் கிருபாபாயின் வீட்டுப் படியேறினார். அவளுடைய கணவன் செல்லையன் இடுப்பு ஒடிந்து மரமேறும் வேலையை விட்டவர். வாசலில் ஓலைக்கீற்று சீவிக்கொண்டிருந்தார்.

"கிருபாபாய் உண்டா?"

"அவ கிளாசுக்குப் போயிருக்காளே சாரே."

"கிளாசுல அவங்க இல்ல. நாற்பது நாளா இல்ல. இதோ பாருங்க."

எழுத்துத் தெரியாத செல்லையனுக்கு அந்தத் தாளைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும். ஆனாலும் பார்த்தார்.

"பின்ன வீட்டுல உண்டா?" என்று மகேஷ்குமார் கேட்டார்.

"இல்ல."

மகேஷ்குமார் எழுதிக்கொண்டார்: வகுப்பிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கவனிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆறு மணிக்கு அவள் வந்தபோது செல்லையன் கீற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நாலு மணிக்கு நீ எங்கோட்டு போற?"

"இது என்ன கேள்வி? கிளாசுக்கு."

"அங்க நீ இல்லன்னு ஆபீசர் எழுதி வச்சிருக்காரு. எழுதினதாக்கும். வாயால சொன்னதில்ல."

முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். கிருபாபாய் அடுக்களைக்குப் போய்க் கஞ்சிக்கு அரிசி களைந்தாள். அரிசித்தண்ணீர் பட்டுக் கை எரிந்தது. எரிந்தது நல்லதாகப் போயிற்று. அழுததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் செல்லையன் கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். இரண்டாவது பெஞ்சில் மனைவி இருந்தாள். அன்றைக்கு மகேஷ்குமாரும் பெட்டிக்குத் தூசி தட்ட வந்திருந்தார். செல்லையன் அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"சாரே, அவ அங்க இருக்கா பாருங்க. அந்த நீலச்சேலை."

மகேஷ்குமார் பார்த்தார். பொறுமையாகச் சொன்னார்.

"அது ஆளு. ஆளு வேற, வருகை வேற. ஆளு இருக்கதுனால வருகை உண்டுன்னு சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்துனாலதான் நம்ம நாடு இப்படி இருக்கு."

செல்லையன் சட்டைக் கையை விட்டார். அன்றைக்கு வகுப்பு முடியும்வரைக்கும் வெளியே காத்திருந்து மனைவியோடு நடந்தார். பாதி வழியில், "எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல, பிள்ளே" என்றார். கிருபாபாய் அவருடைய கம்பு குழியில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

ஜீனா டீச்சர் வழி சொன்னாள். டாக்டரிடம் சர்ட்டிபிக்கேட் வாங்கினால் கழகம் கேட்டுத்தான் ஆகணும். கிருபாபாய் ஒருநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் வரிசை நின்றாள். டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வேலைய இன்னும் செஞ்சா ரேகை மட்டுமில்ல, விரலே போயிரும் அம்மா" என்றார். எழுதியும் தந்தார்: இவருடைய விரல்களில் ரேகைகள் இல்லை. கிருபாபாய் அதை வழியில் மூன்று தடவை வாசித்தாள். தன்னைப் பற்றி ஒருவர் எழுதியதைத் தானே வாசிப்பது அதுதான் முதல் தடவை.

மகேஷ்குமாரும் வாசித்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரேகை இல்லன்னு இருக்கு. செரி. ஆனா ரேகை இல்லாத ஆளு நீங்கதான்னு எப்படித் தெரியும்?"

"என் பேரு எழுதியிருக்கே சாரே. கீழ என் கையெழுத்தும் உண்டு."

"கையெழுத்து யாரும் போடலாம் அக்கா. சர்ட்டிபிக்கேட்டுல உங்க பெருவிரல் ரேகை வச்சு, டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ரேகை தெளிவா இருக்கணும், கேட்டியளா. இல்லன்னா எடுக்க மாட்டாங்க."

கிருபாபாய் அவர் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடினாள். நல்ல மனுஷன் முகம்தான். கிண்டலே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஹால் டிக்கெட் வர வேண்டிய வாரத்தில் மகேஷ்குமார் ஒரு படிவத்தோடு வந்தார். வகுப்பின் நடுவே நின்று சந்தோஷமாகச் சொன்னார்.

"இடைநின்றோர் மீட்பு மாதம் வந்திருக்கு. ஒவ்வொரு மையமும் படிப்ப விட்டுட்டுப் போன ஒரு ஆளையாவது மீட்கணும். இந்த மையத்துல அப்படி இருக்கது கிருபாபாய் ஒரு ஆளுதான். நம்ம மையத்துக்கே பெருமை. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க அக்கா."

"கையெழுத்தா?"

"ஆமா, கையெழுத்துதான். வராதவங்களுக்கு மெஷீன் வேண்டாம். வராதவங்க எப்படி மெஷீன்ல வைப்பாங்க?"

கிருபாபாய் படிவத்தை வாங்கினாள். உட்கார்ந்து, மேலிருந்து கீழே வரைக்கும், டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி புள்ளியில் நிறுத்தி, எல்லாரும் கேட்க வாசித்தாள்.

"கடந்த அறுபத்தொரு நாட்களாக நான் வகுப்புக்கு வரவில்லை. இதற்குக் காரணம் என்னுடைய ஆர்வமின்மையும் நேர ஒழுங்கின்மையும் ஆகும். எனக்கு வாசிக்கத் தெரியாததால் மேற்கண்டவை அதிகாரியால் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன."

விஜயம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"வாசிச்சது நானாக்கும்" என்றாள் கிருபாபாய்.

"அது வழக்கமான வாசகம். எல்லாப் படிவத்திலும் உண்டு."

"பரீட்சை?"

"இதுல கையெழுத்துப் போட்டா நீங்க மீட்கப்பட்டவங்க. அடுத்த வருஷம் புதுசாச் சேரலாம். போடல்லன்னா வராதவங்க. இந்த வருஷம் ரெண்டாலயும் பரீட்சை இல்ல. ஆனா இதுல ஒரு மரியாதை உண்டு."

"அடுத்த வருஷம் பெட்டி என் விரல எடுக்குமா சாரே?"

"அது அடுத்த வருஷ விஷயம்."

ஜூன் மாதத்து மேசை அவள் கண்ணில் வந்து போயிற்று. எண்ணெய் இல்லாத மேசை. ஜீனா டீச்சர் பேனாவை நீட்டிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். கிருபாபாய் பேனாவை வாங்கவில்லை. மகேஷ்குமாரின் கழக முத்திரைக்கான மைத்தட்டு மேசையில் திறந்திருந்தது. வலது பெருவிரலை அதில் அமுக்கி எடுத்து, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் வைத்தாள். நிதானமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருட்டி வைத்தாள். எடுத்தபோது அங்கே ஒரு நீலப்பொட்டு இருந்தது. அதில் ஒரு கோடும் கிடையாது.

"என்ன அக்கா இது! கையெழுத்துதானே போடச் சொன்னேன்?"

"கையெழுத்து யாரும் போடலாம் சாரே. பெருவிரல் பொய் சொல்லாதுல்லா."

வாசலில் நின்ற ராபின்சன் சிரித்துவிட்டான். மகேஷ்குமார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. படிவத்தில் இடம் காலியாக இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முத்திரை குத்தி, பைக்குள் வைத்தார். காலியில்லாத படிவம் கழகத்தில் எடுபடும்.

தேர்வு நாளில் அவள் சும்மா தேர்வு மையத்தின் கேட் வரைக்கும் போனாள். ஹால் டிக்கெட் கிடைத்த ராபின்சன் சரியாகப் பத்து மணிக்கு உள்ளே போய்ப் பத்து இருபதுக்கு வெளியே வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, கேள்வித்தாள் பூரா எழுத்தாக்கும்" என்றான். "ஆனா நேரத்துக்குப் போயிட்டேன்."

ஜூன் மாதம் தரம் பிரிக்கிற மேசைக்கு வெள்ளறடையிலிருந்து ஒரு பெண் வந்தாள், பன்னிரண்டு படித்தவள். மேனேஜர் கிருபாபாய்க்கு முகம் கொடுக்காமல் நடந்தார். அவள் பழைய இடத்தில், பழைய கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அண்டி ஆபீசில் வருகைப் பதிவு ஒரு நொடி வேலை. மேஸ்திரி ஒரு தடவை முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் வந்ததாக அர்த்தம்.

ஆடி பிறந்த வாரத்தில் கழகத்தின் உறை ஒன்று வீட்டுக்கு வந்தது. காலையில் அவசரத்தில் பிரிக்காமல் சோற்றுப் பாத்திரத்தோடு சுற்றிக்கொண்டு வந்தவள், மத்தியான இடைவேளையில் கைச்சாம்பலைத் தட்டிவிட்டுப் பிரித்தாள். உதடு மட்டும் அசைய வாசித்தாள். அன்னார் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் பதித்துள்ளமையால் எழுத்தறிவற்றவர் என உறுதி செய்யப்படுகிறது. வருகிற திங்கள் முதல் அடிப்படை வகுப்பில் சேர்க்கப்படுகிறார். மாலை சரியாக நாலு மணிக்கு வலது பெருவிரலுடன் வரவும். 'எழுத்தறிவற்றவர்' கொஞ்சம் கடினமான சொல்தான். அதில்கூட அவளுக்கு நாக்கு இடறவில்லை. அடியில் இருந்த முத்திரையின் வட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வாசித்து முடித்தாள்.

பக்கத்துக் கல்லில் கொட்டை உடைக்கிற ஜோஸ்னா, கல்யாணமாகி வந்த புதுப்பெண், எட்டிப் பார்த்தாள்.

"என்ன அக்கா எழுதியிருக்கு?"

கிருபாபாய் தாளை மடித்துப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். சாம்பல் சட்டியை இழுத்துக் கை இரண்டிலும் பூசிக்கொண்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதாம், மக்கா" என்றாள். பிறகு சுத்தியை எடுத்தாள்.